முன்தட்டு

வாகைப்புதூரில் மனிதர்களைவிடக் காற்றாலைகள் அதிகம். காற்றாலைகளைவிடப் பயம் அதிகமாகிப்போன வருஷம் ஒன்று உண்டு. அந்த வருஷத்தைச் சொல்வதென்றால் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சைக்கிள் ஷெட்டாக இருந்து, சுண்ணாம்பு அடித்து, நான்கு மேஜை போட்டு, செய்முறைக் கூடம் என்று பெயர் எழுதப்பட்ட அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேருக்கு வாரத்தில் மூன்று நாள் அங்கே வகுப்பு. ஈயம் பற்றவைக்கவும், மோட்டாரைப் பிரித்துப் பூட்டவும், அளக்கவும், அறுக்கவும், அரம் போடவும் ஜெபமணி டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்திறங்கிய த்ரீடி பிரிண்டரை, அதாவது பிளாஸ்டிக் நூலை உருக்கி முறுக்கு பிழிவதுபோல வரிவரியாகப் பிழிந்து பொருளாக்குகிற அந்த எந்திரத்தை, ஒன்பது நாள் தரையில் உட்கார்ந்து பூட்டி முடித்தபோது இரண்டு திருகாணிகள் மிச்சம் வந்தன. அவை எங்கே போக வேண்டியவை என்று எட்டுப் பேருக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் எல்லோரும் மைதானத்தில் இறைவணக்கத்துக்கு நின்றுகொண்டிருக்க, பூட்டிய கூடத்துக்குள் பிரிண்டர் தானாக ஓடி ஒரு சின்ன விசிறிச் சக்கரத்தைப் பிழிந்து வைத்திருந்தது. பெட்டியோடு வந்த நூல் கிளிப்பச்சை ஒன்றுதான் என்பதால் சக்கரமும் கிளிப்பச்சை. யாரும் கேட்காத சக்கரம். நான்காம் நாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் கர்ரென்று கத்தி நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே விசிறிச் சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பச்சைச் சக்கரத்தை எடுத்து வைத்தால் அளந்து செய்ததுபோலப் போய் உட்காருகிறது.

அதற்குப் பிறகு ஞாயிறு நீங்கலாகத் தினமும் ஒன்று வந்தது. மிக்சியின் அடிப்பாகம், தையல் மெஷின் பல், பஸ் ஜன்னல் பிடி, மாதா கோவில் மணியின் நாக்கைத் தாங்குகிற வளையம் என்று எது எது உடையப் போகிறதோ அதற்கு உரியது முன்கூட்டியே வந்தது. ஊர் முதல் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் வரிசையில் நின்றது. வாட்ச்மேன் அன்றன்றைய பாகத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைப்பார். மெக்கானிக்குகளும் டெய்லர்களும் மாவுமில்காரரும் வந்து, இது என்னுது, இது உன்னுது என்று எடுத்துப் போவார்கள். யாருக்கும் அடையாளம் தெரியாத பாகம் என்றால் எட்டுப் பெண்களும் வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அளப்பார்கள். "அரை மில்லிமீட்டரை மன்னிக்கலாம், அதுக்கு மேல மன்னிக்கக் கூடாது" என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த கணக்கு. அளப்பதில் கை சுத்தமானவள் ஆவுடைச்செல்வி. பீடி சுற்றுகிற அம்மாவுக்கு ஒரே பெண். இலையை வெட்டி வெட்டிச் சின்ன வயதிலேயே கண்ணும் கையும் அளவுக்குப் பழகியிருந்தன. ஆவுடை சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே நம்பியது.

முன்தட்டு என்ற வழக்கம் வந்தது மினிபஸ்ஸால். மினிபஸ்ஸின் பிரேக் பாகம் வந்திருந்தும், உடையும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பஸ்காரர் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். அது அணைக்கட்டு இறக்கத்தில், பதினேழு பேரை வைத்துக்கொண்டு உடைந்தது. யாரும் சாகவில்லை, ஆனால் ஒருத்தருக்கும் கைகால் முழுசாக இல்லை. பட்டறை கொம்பையா அண்ணாச்சி அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னது ஊருக்கே சட்டமானது.

"பாகம் வந்தாச்சுன்னா உடையப்போறது நிச்சயம். அது நெனச்ச எடத்துல உடைஞ்சா நாம செத்தோம். நாம நெனச்ச எடத்துல உடைச்சா ஒரு தட்டுதான். எதுக்குக் காத்திருக்கணும்?"

நியாயமான பேச்சு. பாகம் வந்த அன்றே பொருளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய வேட்டித் துணி சுற்றிய சுத்தியலால் அளவாக ஒரு தட்டு தட்டி உடைத்து, பச்சைப் பாகத்தைப் பூட்டி, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நன்றாக ஓடுகிற டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடக்கிறவனைப் பார்த்தால், "என்ன, முன்தட்டா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். புரட்டாசியில் ஒரு கடைவாய்ப் பல் வந்தது. அது ஹெச்.எம். அம்மாவுடையது என்று தெரிந்ததும் அவர் லீவு போட்டுவிட்டுப் போய், வலியே இல்லாத பல்லைப் பிடுங்கி, கிளிப்பச்சைப் பல்லைக் கட்டிக்கொண்டு வந்து, மறுநாள் இறைவணக்கத்தில் சிரித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கு அதில் யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

ஐப்பசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை கூடத்துச் சாவி ஆவுடையிடம் இருந்தது. இறைவணக்கம் முடிந்து அவள்தான் முதலில் உள்ளே போனாள். பிரிண்டரின் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு, தேங்காய்ச் சில்லு மாதிரி லேசாக வளைந்து, ஒரு ஓரம் மட்டும் தையல் போட்டதுபோல வளைந்து வளைந்து போகிற ஒரு பச்சைச் சில்லு. இன்னும் சூடு ஆறவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது அவளுடைய பெருவிரல் ஒரு சின்னப் பள்ளத்தில் போய் இறங்கியது. அதே நேரத்தில் இடதுகை அவளைக் கேட்காமலே மேலே போய், நான்கு வயதில் ஆட்டுக்கல்லில் விழுந்து அடிபட்ட இடத்தை, இடது காதுக்கு மேலே சடைக்குள் ஒளிந்திருக்கிற பள்ளத்தை, தடவிக்கொண்டிருந்தது.

அவள் கதவைச் சாத்தினாள். பற்றவைக்கிற ஈயக்கம்பி மிருதுவானது, எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும். ஒரு சாண் கம்பியை இழுத்து, காதுக்கு மேலே தலையோடு தலையாக அழுத்தி வளைத்து, பிசகாமல் எடுத்து, சில்லின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கம்பிக்கும் சில்லுக்கும் நடுவில் வெளிச்சம் போக இடமில்லை. ஆவுடைக்குப் பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல? தொண்டையிலிருந்து கால் பெருவிரல்வரைக்கும் பயமாக இருந்தது. கம்பியை நேராக்கி, மறுபடி உருளையில் சுற்றிவைத்துவிட்டு, மற்றவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டாள்.

விலங்கியல் டீச்சர் வந்து பார்த்து, "மண்டையோடு. இடது பக்கம், காதுக்கு மேல" என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஹெல்மெட் தீர்ந்துபோனது. சைக்கிள் இல்லாதவர்களும் ஹெல்மெட் போட்டார்கள். கோவில் சந்நிதியில் ஹெல்மெட்டோடு கும்பிட்டார்கள். பூசாரி திருநீற்றைக் கண்ணாடியில் பூசினார். தென்னை மரத்தடிக் கடைகள் எல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாறின. ஃபேனுக்கு அடியில் உட்கார ஆளில்லை, வெயிலில் வியர்த்துக்கொண்டே பாடம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து, சத்துணவு வேளையில் அதையே நிமிர்த்திச் சோறு வாங்கினார்கள். சலூன்காரர் தன்னிடம் முடிவெட்டுகிற ஆண்களில் மண்டையில் பள்ளமுள்ளவர்கள் பதினொரு பேர் என்று ஞாபகத்திலிருந்து எழுதிக்கொடுத்தார். அந்தப் பதினொரு பேரும் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு ஊரே தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தது.

யாருடையது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தால் முன்தட்டு தட்டிப் பூட்டிவிடலாம், மற்றவர்கள் மூச்சுவிடலாம். மைதானத்தில் மூன்று வரிசை போட்டார்கள். எட்டுப் பெண்களும் ஈயக்கம்பியோடு நின்று தலை தலையாக அளந்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு தலைகள். ஆவுடை ஒருத்தி மட்டும் அறுநூறு தலை அளந்தாள். எத்தனை பேர் அவளுடைய கையில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கினார்கள், எத்தனை பேர் "இல்லை" என்று அவள் சொன்னதும் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அளக்கிறவளை அளக்க வேண்டும் என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்கும் காய்ச்சல் வரும் என்பது நமக்கெல்லாம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தானே உறைக்கிறது.

பதினைந்து நாள் அவள் எப்படி இருந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நிற்க மாட்டாள். மச்சுப்படியில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். கிரிக்கெட் பந்துச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒண்டினாள். அம்மா தலைவாரிவிடும்போது சீப்பு அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவும் அளக்கப்பட்டு, இல்லை என்று சொல்லப்பட்டு, நிம்மதியாகப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "எம் பிள்ளைதான் அளந்தா, தப்பாவா இருக்கும்?" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மிஞ்சியது வெள்ளத்தாய் அக்கா. சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள், தனியாள், நூற்றெண்பது பிள்ளைகளுக்கும் அக்கா. எப்போதோ அடுக்கிலிருந்து அண்டா விழுந்து அவளுக்கும் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கம்பியை வளைத்தது ஆவுடைதான். சில்லின்மேல் வைத்துப் பார்த்தபோது நூலிழை வெளிச்சம் தெரிந்தது.

"எவ்வளவு?" என்றார் ஜெபமணி டீச்சர்.

"அரை" என்றாள் ஆவுடை.

அது பொய்யில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தால் சரியாக அரை மில்லிமீட்டர். டீச்சர் வெர்னியரை வாங்கித் தானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அப்புறம், "அரையை மன்னிக்கலாம்" என்றார். மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது; ஆவுடையும் விட்டாள். அதற்காக அன்று முழுக்க அவள் தன்னை வெறுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்று நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர், இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டிவிட்டு வர மறுத்துவிட்டதால் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வுபெற்ற கம்பவுண்டர் பஞ்சும் டெட்டாலுமாக வந்தார். ஒருத்தருக்கும் வெள்ளத்தாய்மேல் கோபமில்லை, அதுதான் பயங்கரம். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்தார்கள், ஆப்பிள் வாங்கி வந்தார்கள், ஒரு மாதச் சமையல் வேலையைத் தெருவுக்கு இரண்டு பேர் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். கொம்பையா அண்ணாச்சி புது வேட்டியையே கிழித்துச் சுத்தியலில் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வெள்ளத்தாய் உட்கார்ந்தாள். சேலையில் தாளித்த வாசனை.

"சீக்கிரம் முடிங்க அண்ணாச்சி. உலையில அரிசியப் போட்டுட்டு வந்திருக்கேன். கொழைஞ்சிரும்" என்றாள்.

தட்ட வேண்டிய இடத்தைத் தலையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டியது அளந்தவளின் வேலை. ஆவுடை சாக்பீஸோடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். கிட்டத்தில் நின்றதால்தான் தெரிந்தது: வெள்ளத்தாய் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி பெயராக இருக்கும் என்று ஆவுடை குனிந்து கேட்டாள். புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று அந்த அம்மாள் அன்றைய சாம்பாரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போடு பிள்ளே" என்றார் அண்ணாச்சி.

ஆவுடையின் கை மேலே போனது. இறுக்கிப் பிடித்ததில் சாக்பீஸ் இரண்டாக ஒடிந்து, ஒரு துண்டு கீழே விழுந்தது. மிச்சத் துண்டால் அவள் தன்னுடைய இடது காதுக்கு மேலே, தன்னுடைய முடியின்மேல், ஒரு வட்டம் போட்டாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்று சிநேகிதி ஒருத்தி கத்தினாள். ஜெபமணி டீச்சர்தான் ஓடிவந்து, ஒரு சாண் கம்பியை எடுத்து அவளுடைய தலையில் வளைத்துப் பார்த்து, சில்லின்மேல் வைத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் போகவில்லை. டீச்சர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "ஒன்னைய நாங்க அளக்கலையேம்மா" என்று அழுதார். கூட்டத்துக்குள் அம்மா போட்ட சத்தத்தைச் சொல்ல என்னால் முடியாது.

கொம்பையா அண்ணாச்சி வெள்ளத்தாயை எழுப்பிவிட்டு, துண்டால் நாற்காலியைத் துடைத்தார்.

"நீ உக்காரு தாயி. ஒரு நிமிஷம். மாமன் வலிக்காமத் தட்டுதேன்."

"உக்கார மாட்டேன்" என்றாள் ஆவுடை.

"வந்த பாகம் போவாது பிள்ளே. அது ஒடையத்தான் போவுது."

"ஒடையட்டும். எப்ப ஒடையுதோ அப்ப ஒடையட்டும் அண்ணாச்சி. நான் காத்திருக்கேன்."

காத்திருக்கிறேன் என்ற வார்த்தையை வாகைப்புதூர் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கூட்டம் சலசலத்தது. மினிபஸ்ஸில் கால் உடைந்தவர் ஒருத்தர் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணாச்சி கெஞ்சினார். "காத்திருக்க முடியாதும்மா. நாளைக்கா, பத்து வருஷம் கழிச்சான்னு தெரியாம எப்படி இருப்ப? பயத்துலயே செத்துருவ."

"பதினஞ்சு நாளாக் காத்துக்கிட்டுதான இருக்கேன்? சாகலையே. பயந்து பயந்து பழகிட்டு. இன்னும் பயந்துக்கிடுதேன். அது எம் பயம், எனக்கு இருக்கட்டும். ஒங்க கையால மட்டும் வேண்டாம் அண்ணாச்சி."

சுற்றிலும் அத்தனை பேர், அத்தனையும் தெரிந்த முகம், அத்தனை பேர் கண்ணிலும் இரக்கம். இரண்டு பேர் அவள் தோளை மெதுவாக, ரொம்ப மெதுவாக, பிடித்து நாற்காலிப் பக்கம் நகர்த்தினார்கள். "கண்ண மூடிக்க மக்கா, எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்." நாலு எட்டுதான் இருக்கும் நாற்காலிக்கு. அவள் காலை ஊன்றிப் பார்த்தாள், மணல் வழுக்கியது. மூன்று எட்டு. அம்மாவை யாரோ இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெள்ளத்தாய் வந்து நாற்காலியைத் தூக்கினாள். தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"எங்கக்கா கொண்டு போறிய?" என்றார் கம்பவுண்டர்.

"இது சமையக்கட்டு நாற்காலி. எனக்கு வேணும். அரிசி கொழையுது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கூட்டத்துக்கு நடுவே அவள் நடந்தாள். வழிவிட்டார்கள். நாற்காலி போனபிறகு ஆவுடையின் தோளைப் பிடித்திருந்தவர்களுக்கு அவளை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் ஒரு கை எடுபட்டது, அப்புறம் இன்னொன்று. கொம்பையா அண்ணாச்சி சுத்தியலில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சோறு குழைந்துதான் போயிருந்தது. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

பச்சைச் சில்லை ஆவுடையிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் அதை ஒரு துணிப்பையில் போட்டுப் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு, "நான் விழுந்து கெடந்தா இதையும் சேத்துக் கொண்டுபோங்கட்டி" என்று ஏழு சிநேகிதிகளிடமும் சொல்லிவைத்தாள். அவர்கள் அழுதுகொண்டே சரி என்றார்கள். பிரிண்டர் திங்கட்கிழமை எப்போதும்போலத் தையல் மெஷினுக்கு ஒரு பாகம் பிழிந்தது, டெய்லர் வந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், பட்டறைக்குப் போகவில்லை. அவருடைய மனைவி என்ன ஏது என்று கேட்டதற்கு, "பாப்போம், ஓடுதவரைக்கும் ஓடட்டும்" என்றாராம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு பக்கமும் வெள்ளத்தாய் ஒரு பக்கமுமாக ஆவுடை வீட்டுக்கு நடந்தாள். காற்றாலை இறக்கை ஏற்றின நீளமான லாரி ஒன்று எதிரே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தரை அதிர்ந்தது, புழுதி வாரி அடித்தது, லாரி போய்விட்டது. கண்ணைத் திறந்தாள்.

"பயமா இருக்காட்டி?" என்றாள் வெள்ளத்தாய்.

"பயமா இருக்குக்கா."

"ஓரமா நட" என்று சொல்லி அவளை உள்பக்கம் இழுத்துவிட்டு, தான் ரோட்டுப் பக்கம் வந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் ஆவுடை தலையைத் தடவிப் பார்த்தாள். முழுசாக இருந்தது. பயமும் முழுசாக இருந்தது. எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிக்கொண்டு, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்குப் போனாள்.